செவாலியே என்றால் குதிரைக்காரர்

எல்லோருக்கும் வணக்கம்.

செவாலியே என்றதும் நம் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. சிவாஜி கணேசன் பெயருக்கு முன்னால் பார்த்துப் பழகிய பட்டம். 1995இல் பிரான்ஸ் அரசு கொடுத்தது. பிரெஞ்சில் குதிரைக்கு ஷெவால் என்று பெயர். அதிலிருந்து பிறந்ததுதான் செவாலியே, குதிரையேறிப் போர் செய்கிறவர். அவரையே ஆங்கிலத்தில் நைட் என்பார்கள். சி.வி.ராமனுக்கு 1929இல் கிடைத்த சர் பட்டமும் இந்த வழியில் வந்ததுதான். சதுரங்கத்தில் அவர்கள் நைட் என்று கூப்பிடுகிற காயை நாம் குதிரை என்கிறோம். அது மிகச் சரியாகப் பொருந்துகிறது. இன்றைக்கு நான் பேசப்போகும் வில்லியம் மார்ஷல் என்ற இங்கிலாந்து நைட்டுக்கு, குதிரை செத்துப்போன நாளிலேயே வாழ்க்கை கேள்விக்குறி ஆகிவிட்டது.

பள்ளிகளுக்குப் பேசப் போகும்போது உள்ளங்கை அகலத்தில் ஒரு வளையக் கவசத் துண்டு கொண்டுபோவேன். இதோ இருக்கிறது. இதில் ஒரு வளையத்தை எடுத்துக்கொண்டால், அது பக்கத்திலுள்ள நான்கு வளையங்களோடு கோத்திருக்கும். முழங்கால் வரைக்கும் இப்படிக் கோத்த சட்டை பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். பிள்ளைகள் கையில் வாங்கியதும் கேட்கிற முதல் கேள்வி, "கீழே விழுந்தா எப்படி சார் எந்திரிப்பாங்க?" நன்றாகவே எழுந்திருப்பார்கள். பிற்காலத்து முழுத் தகட்டுக் கவசமே இருபது, இருபத்தைந்து கிலோதான், அதுவும் உடம்பு முழுக்கப் பரவி நிற்கிற எடை. நைட்டைக் கப்பி வைத்துத் தூக்கிக் குதிரை மேல் உட்கார வைத்தார்கள் என்பது கட்டுக்கதை.

சரி, ஆளுக்கு வருவோம். வில்லியம் மார்ஷல். இங்கிலாந்தில் ஒரு சாதாரணப் பிரபுவின் மகன், மூத்தவரும் இல்லை. 1152இல் ஸ்டீபன் மன்னர் அவருடைய அப்பாவின் கோட்டையை முற்றுகையிட்டார். அப்பா சமாதானம் பேசி, ஐந்தாறு வயதுப் பையனைப் பிணையாகக் கொடுத்துவிட்டு, வாக்கை மீறினார். பையனைத் தூக்கில் போடுவோம் என்று சொல்லி அனுப்பியதற்கு அவர் சொன்ன பதில்: "இதைவிட நல்ல பிள்ளைகளைச் செய்ய என்னிடம் சுத்தியலும் பட்டறைக்கல்லும் இருக்கின்றன." தூக்குமரத்துக்குப் போகிற வழியில் பையன் ஒரு வீரன் கையிலிருந்த ஈட்டியைப் பார்த்து, விளையாடத் தா என்று கேட்டானாம். மன்னருக்கு மனசு வரவில்லை. தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். மார்ஷல் இறந்த சில ஆண்டுகளில் அவர் குடும்பத்தார் எழுதவைத்த நீண்ட பிரெஞ்சுப் பாட்டில் இதெல்லாம் இருக்கிறது. குடும்பத்துப் பாட்டு, புகழ்ச்சி தூக்கலாகவே இருக்கும். ஆனாலும் ஒரு நைட்டின் அன்றாட வாழ்க்கையை இவ்வளவு பக்கத்தில் காட்டுகிற சான்று அபூர்வம்.

நார்மண்டியில் ஓர் உறவினர் வீட்டில் பயிற்சி. இருபது வயதை ஒட்டி நைட் ஆகி, முதல் சண்டையில் வெளுத்து வாங்கினார். ஆனால் குதிரை போய்விட்டது. அன்று ராத்திரி விருந்தில் ஒரு பெரிய பிரபு அவரைப் பார்த்து, "மார்ஷல், எனக்கு ஒரு பரிசு கொடு. ஒரு பழைய குதிரைப்பட்டை போதும்" என்றார். என்னிடம் அப்படி எதுவும் இல்லையே என்றார் மார்ஷல். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு எத்தனை பேரை வீழ்த்தியிருந்தார்! அவர்களைக் கைதியாகப் பிடித்திருந்தால் எத்தனை குதிரை, எத்தனை கவசம்!

அந்தப் பாடத்தை அவர் பிறகு மறக்கவேயில்லை. 12ஆம் நூற்றாண்டின் டோர்னமெண்ட் என்பது சினிமாவில் வருகிற மாதிரி நடுவில் தடுப்பு வைத்து இருவர் மோதுகிற ஆட்டம் இல்லை. வயல், தோப்பு, ஊர்த் தெரு என்று மைல் கணக்கில் நூற்றுக்கணக்கான பேர் மோதுவார்கள். எதிராளியின் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டால் அவர் கைதி. குதிரை நமக்கு, மீட்புப் பணமும் நமக்கு. மார்ஷலும் ஒரு நண்பரும் கூட்டு சேர்ந்து பத்து மாதத்தில் 103 பேரைப் பிடித்தார்கள். அந்தக் கணக்கை எழுதி வைத்தவர் அரண்மனையின் சமையலறைக் கணக்கர் என்பதைக் கவனியுங்கள். அரிசி, பருப்பு மாதிரி இதுவும் வரவுக் கணக்கில் ஏறியது.

எனக்கு மிகப் பிடித்த காட்சி இன்னொன்று. ஒரு டோர்னமெண்ட் முடிந்து மார்ஷலுக்குப் பரிசு கொடுக்கத் தேடுகிறார்கள், ஆளைக் காணோம். கடைசியில் கொல்லன் பட்டறையில் கண்டுபிடிக்கிறார்கள். மண்டியிட்டு, பட்டறைக்கல் மேல் தலையை வைத்திருக்கிறார். அடிபட்டு நசுங்கிய தலைக்கவசம் கழுத்து வரை இறுகிவிட்டது. கொல்லர் சுத்தியலும் இடுக்கியுமாக அதைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். அப்பா சொன்ன அதே சுத்தியல், அதே பட்டறைக்கல்.

இதுவரை சொன்னதை வருடக்கணக்கில் வகுப்புகளில் சொல்லி வந்தேன். பிறகு 1217க்குப் போவேன். மார்ஷலுக்கு எழுபது வயது. பட்டத்துக்கு வந்த மன்னர் சிறுவன், ஆட்சிப் பொறுப்பு இவர் கையில். பிரெஞ்சு இளவரசர் லூயியின் படை இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துக்குள் புகுந்து கோட்டையை முற்றுகையிட்டிருக்கிறது. கோட்டையை உள்ளிருந்து காத்தவர் நிக்கோலா டி லா ஹே என்ற மூதாட்டி. மே 20. மார்ஷல் அவசரத்தில் தலைக்கவசம் போடாமலே கிளம்பி, பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்ன பிறகு வாங்கி மாட்டிக்கொண்டார். தேவாலயத்துக்கு முன்னால் எதிர்ப்படைத் தலைவரான பெர்ஷ் பிரபுவின் கடிவாளத்தைப் பிடித்தார். அவர் இரு கையாலும் வாளை ஓங்கி மார்ஷலின் தலையில் மூன்று வெட்டு வெட்டிவிட்டுக் குதிரையிலிருந்து சரிந்தார். மயக்கம் என்று நினைத்துத் தலைக்கவசத்தைக் கழற்றினால், உயிர் இல்லை. முன்பே ஒரு வாள்முனை கண் துவாரம் வழியாக உள்ளே போயிருந்தது. இரு பக்கத்தாரும் அழுதார்கள். அவர் சாகவேண்டும் என்று யாருமே நினைக்கவில்லை.

இந்த இடத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "ஊருக்குள்ளதானே சார் சண்டை, ஊர்க்காரங்க என்ன ஆனாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வந்துவிட்டு, தேடிப் படித்தேன்.

ரோஜர் ஆஃப் வெண்டோவர் என்ற அக்காலத் துறவி எழுதி வைத்திருக்கிறார். சுமார் 300 நைட்டுகள் கைதானார்கள். இறந்ததாக அவர் சொல்வது மூன்று பேர். கைதான நைட்டுக்கு விலை உண்டு, அதனால் உயிர் பத்திரம். அப்புறம் வென்ற மார்ஷலின் படை நகரத்தைச் சூறையாடியது, தேவாலயங்கள் உட்பட. லூயியையும் அவர் பக்கம் நின்ற பிரபுக்களையும் கேலி செய்து அந்தக் கொள்ளைக்கு 'லிங்கன் சந்தை' என்று பெயரே வைத்தார்கள். பெண்கள் மானத்துக்குப் பயந்து, குழந்தைகளையும் வேலைக்காரப் பெண்களையும் கையில் கிடைத்த சாமான்களையும் ஏற்றிக்கொண்டு சின்னப் படகுகளில் ஆற்றில் இறங்கினார்கள். பாரம் தாங்கவில்லை, துடுப்பு போடவும் தெரியவில்லை. மூழ்கிப்போனார்கள். பிறகு ஆற்றில் தேடியவர்களுக்கு வெள்ளிக் கிண்ணங்கள் கிடைத்தன என்று அதே பத்தியில் எழுதுகிறார். அந்த வரியை வாசித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுவாரம் அந்த வகுப்பில் அப்படியே வாசித்தேன். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் பேசப் போனாலும், பட்டறைக்கல்லைச் சொன்னால் படகுகளையும் சொல்லிவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்குவேன்.

மார்ஷல் 1219இல் படுக்கையில் கிடந்து இறந்தார். கடைசி நாட்களில், பறித்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்தால்தான் பாவமன்னிப்பு என்கிறார்களே என்று பேச்சு வந்தது. 500 நைட்டுகளைப் பிடித்திருக்கிறேன், அவர்களுடைய குதிரையையும் ஆயுதத்தையும் எங்கே போய்த் திருப்பிக் கொடுப்பது என்றார். லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் அவருடைய கற்சிலை படுத்திருக்கிறது. 1941 குண்டுவீச்சில் சிதைந்த முகத்தோடு இன்றும் இருக்கிறது.

இந்தக் கவசத் துண்டை முதல் வரிசையிலிருந்து அனுப்புகிறேன். ஒவ்வொருவராகக் கையில் வாங்கிப் பாருங்கள். கேள்வி இருப்பவர்கள் எழுந்து கேட்கலாம்.