ஷூவின் மூக்கைப் பாருங்கள்

வணக்கம். ஃபார்மல் ஷூ பற்றிப் பேச வரச் சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது என்னுடைய ஒரு பழைய போட்டோதான். அதில் சூட் பரவாயில்லை, மீசைகூடப் பரவாயில்லை, காலில் இருக்கிற ஷூவைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. செங்கல்லை நறுக்கி மாட்டியது மாதிரி சதுர மூக்கு! 2000-த்தை ஒட்டிய வருடங்களில் பலர் காலில் அதுதான். அப்புறம் கத்தி மாதிரி நீண்ட கூர்மூக்கு வந்தது, அதுவும் போனது.

ஒரு ஷூ எந்த வருடத்துச் சரக்கு என்று முதலில் காட்டிக்கொடுப்பது அதன் மூக்குதான். அதனால் கடையில் நிறத்தையும் பளபளப்பையும் பார்க்கும் முன், போட்டுக்கொண்டு நின்றபடியே குனிந்து பாருங்கள். பாதாம் பருப்பின் முனை போல மெல்லக் குவிந்து, அதிகம் நீளாமல், விரல்களின் சரிவோடு போகிறதா? அந்த வடிவத்துக்கு வயதே ஆவதில்லை.

அடுத்தது லேஸ் கட்டும் இடம். லேஸ் துளைகள் உள்ள இரண்டு மடல்களும் முன்பக்கத் தோலுக்கு அடியில் போய்த் தைக்கப்பட்டிருந்தால் அது ஆக்ஸ்ஃபோர்டு, மேலே வைத்துத் தைத்திருந்தால் டெர்பி. ஆக்ஸ்ஃபோர்டுதான் அதிக ஃபார்மல், ஆனால் பாதத்தின் மேல்பக்கம் உயர்ந்தவர்களுக்கு அந்த மடல்கள் மூடாமல் வாயைப் பிளந்து நிற்கும், அவர்கள் வீம்பு பிடிக்காமல் டெர்பிக்குப் போய்விடலாம். ஓட்டை ஓட்டையாக வேலைப்பாடு செய்த புரோக், சேற்று நிலத்தில் நடந்த அயர்லாந்து, ஸ்காட்லாந்துக்காரர்களின் செருப்பிலிருந்து வந்தது. தண்ணீர் வடியத்தான் அந்த ஓட்டை. இன்று அது வெறும் அலங்காரம், கூடக் கூட ஃபார்மல் தன்மை குறையும்.

தோல் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்திருக்கிறேன். கண்ணாடி மாதிரி மின்னுகிற மலிவான ஷூவில் பெரும்பாலும் தோலின் மேற்பரப்பைத் தேய்த்துவிட்டு, தழும்பு தெரியாமல் மேலே பிளாஸ்டிக் பூச்சு கொடுத்திருப்பார்கள். விரல் மடங்கும் இடத்தில் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். நல்ல தோலில் பொடிப்பொடியாகச் சுருக்கம் விழும், பூச்சுத் தோலில் தடித்த மடிப்பாக விழும். பிறகு வெடிப்பதும் அந்த மடிப்பில்தான், அதற்கு எந்தப் பாலிஷும் உதவாது.

ஷூவின் அடிப்பகுதியான சோல் மாற்றக்கூடியதா என்று கேளுங்கள். ரப்பரைப் பதப்படுத்திய சார்லஸ் குட்இயரின் மகன் பெயரும் சார்லஸ்தான், அந்த மகன் கொண்டுவந்த குட்இயர் வெல்ட் முறையில் ஷூவைச் சுற்றி ஒரு தோல் பட்டை ஓடும். சோல் அந்தப் பட்டையோடுதான் தைக்கப்பட்டிருக்கும், தேய்ந்தால் பிரித்துப் புதிது போடலாம். வெறும் பசையில் ஒட்டியதற்கும் சிலர் ஓரத்தில் தையல் மாதிரி அச்சு வைத்துவிடுகிறார்கள், உற்றுப் பார்த்தால் நூலே இருக்காது! என்னுடைய அந்தச் சதுர மூக்கும் அப்படித்தான், ஒரே மழையில் சோல் தனியாக வந்தது.

நிறம் பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டாம். ஒரே ஜோடி என்றால் கறுப்பு, இரண்டாவது அடர் பழுப்பு.

வாங்கப் போவது சாயங்காலமாக இருக்கட்டும், பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். இரண்டு காலும் ஒரே அளவில் இருக்காது, பெரிய காலுக்குப் பொருந்துவதை எடுங்கள். "போடப் போட லூஸாகிடும் சார்" என்பதில் பாதிதான் உண்மை. தோல் அகலத்தில் கொஞ்சம் இளகும், நீளத்தில் இளகாது.

ஒருநாள் போட்டால் மறுநாள் ஓய்வு கொடுங்கள், உள்ளே போன வியர்வை காயவேண்டும். நனைந்துவிட்டால் வெயிலில் வைக்காதீர்கள், தோல் விறைத்துவிடும். பழைய பேப்பரைத் திணித்து நிழலில் வைத்தால் போதும். நன்றி, வணக்கம்.