பூட்ட வேண்டியதும் திறக்க வேண்டியதும்

(கடலூரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகக் கூடிய தொண்டு நிறுவனப் பணியாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, கடலூர், புதுச்சேரி இரு பக்கத்திலிருந்தும் வந்திருக்கும் தொண்டு நிறுவன நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குப்பத்துப் பஞ்சாயத்தார்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, உதவி அமைப்புகளுக்கிடையே தகவல் பகிர்வும் பாதுகாப்பும். ஏதோ கணினி வகுப்பு என்று எண்ணி யாராவது தேநீருக்குக் கிளம்பியிருந்தால் தயவுசெய்து உட்காருங்கள். கணினியைப் பற்றி நான் சொல்லப் போவது கொஞ்சம்தான். பெரும்பகுதி நம்மைப் பற்றியது.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். நாம் எல்லோரும் ஒரு காரியத்தைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம். எந்த ஊரில் எத்தனை வீட்டுக்கு அரிசி கொடுத்தோம், எங்கே தார்ப்பாய் தீர்ந்துவிட்டது என்பதை அடுத்த அமைப்புக்குச் சொல்ல மாட்டோம். அவர்கள் முந்திக்கொள்வார்களோ, நன்கொடையாளர் அந்தப் பக்கம் போய்விடுவாரோ என்று பயம். ஆனால் அரிசி வாங்கிய பெண்ணின் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், இடிந்த வீட்டின் முன் அவர் நிற்கும் படம், இவை எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் மாலைக்குள் வந்துவிடும். ஊருக்குச் சொல்ல வேண்டியதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். பூட்ட வேண்டியதைத் தெருவில் காயப் போடுகிறோம்.

முதலில், சொல்லாமல் விட்டதால் என்ன ஆனது என்பதைப் பார்ப்போம். 2004 டிசம்பர் 26 பற்றிக் கடலூரில் நின்று நான் விளக்க வேண்டியதில்லை. இந்த மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த சில வாரங்களில் எங்கிருந்தெல்லாமோ அமைப்புகள் வந்தன. அத்தனை பேரும் நல்லவர்கள், அத்தனை பேரும் அவசரக்காரர்கள். சாலையோரத்துக் குப்பங்களுக்கு முதலில் போனார்கள். துணி குவிந்தது. பிறகு படகு குவிந்தது. சுனாமிக்கு முன் இருந்ததைவிட அதிகமான ஃபைபர் படகுகள் வந்திறங்கிய ஊர்கள் இந்தக் கடற்கரையில் உண்டு. அதே காலத்தில் கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து இருளர் குடியிருப்புகளில் பலருக்குக் குடும்ப அட்டையும் இல்லை, சாதிச் சான்றிதழும் இல்லை, எனவே எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. உப்பங்கழியில் கையால் இறால் பிடிப்பவருக்குப் படகும் வலையும் ஏது? எதையும் இழக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம்தானே. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். அளப்பதற்கு, மற்றவர் எவ்வளவு போட்டார் என்பது தெரிய வேண்டும்.

நாகப்பட்டினத்தில் தொண்டு நிறுவனங்களுக்கென ஓர் ஒருங்கிணைப்பு மையம் உருவானது இந்தக் குழப்பத்தைப் பார்த்துத்தான். இலங்கையில் கணினித் தன்னார்வலர்கள் சேர்ந்து 'சகானா' என்ற கட்டற்ற மென்பொருளை எழுதினார்கள். காணாமல் போனவர் யார், முகாம் எங்கே, எந்த அமைப்பு என்ன செய்கிறது என்பதை ஒரே இடத்தில் வைக்கும் முயற்சி அது. ஐ.நா. அமைப்புகள் இன்றும் எந்தப் பேரிடரிலும் முதலில் போடும் அட்டவணை, யார், எங்கே, என்ன செய்கிறார் என்பதுதான். அதில் ஒரு பயனாளியின் பெயர்கூட இருக்காது. அதைத்தான் நாம் பகிர மறுக்கிறோம்.

நமக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வேறு மாவட்டத்துக்காரர்களுக்கு அது புரியாது. புதுச்சேரியின் பாகூர் கொம்யூனிலிருந்து நாலு எட்டு வைத்தால் தமிழ்நாடு. இன்னும் நாலு எட்டு வைத்தால் மறுபடியும் புதுச்சேரி. வெள்ளம் எல்லைக் கல்லைப் படித்துவிட்டு வருவதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் தென்பெண்ணை பெருக்கெடுத்து, இந்தப் பக்கம் கடலூரையும் அந்தப் பக்கம் பாகூர்ப் பகுதியையும் சேர்த்தே மூழ்கடித்தது. நிவாரணமோ, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குத் தமிழ்நாட்டில் 2,000 ரூபாய், புதுச்சேரியில் குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய். இரண்டு அரசு, இரண்டு பதிவேடு, இரண்டு தாலுகா அலுவலகம். இரண்டு பக்கமும் கால் வைத்து வேலை செய்வது நம்மைப் போன்ற அமைப்புகள்தான். நாமும் பேசிக்கொள்ளவில்லை என்றால், எல்லையோரத்துக் கூலிக் குடும்பம் இரண்டு பட்டியலிலும் விடுபட்டுப் போகும்.

இனி மறுபக்கம். ஒரு நிவாரண நோட்டைத் திறந்து பாருங்கள். வரிசை எண், பெயர், கணவர் பெயர், வயது, குடும்ப அட்டை எண், ஆதார் எண், கைபேசி எண், வங்கிக் கணக்கு எண், கிளையின் குறியீடு, கையொப்பம் அல்லது ரேகை. ஒரு பக்கத்துக்கு இருபது பேர். ஐந்து கிலோ அரிசியும் ஒரு பாயும் கொடுப்பதற்கு இவ்வளவு எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. போன முறை அச்சடித்த படிவத்தில் அந்தப் பத்திகள் இருந்தன, அதனால் இந்த முறையும் இருக்கின்றன. ஆதார் நகல் வேண்டும் என்று சொல்லிவிடுகிறோம். அந்த அம்மா ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார். கடைக்காரர், இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்கிறார். அச்செடுத்துக் கொடுத்து ஐந்து ரூபாய் வாங்கிக்கொள்கிறார். அந்தக் கோப்பு கடைக் கணினியில் அப்படியே கிடக்கிறது. நம்மிடம் வந்த நகல் அட்டைப் பெட்டிக்குள் போகிறது, அலுவலகம் மாறும்போது பெட்டி பழைய பேப்பர் கடைக்குப் போகிறது, அங்கிருந்து பஜ்ஜி மடிக்கவும் வந்துவிடுகிறது. நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள், அடுத்த முறை பஜ்ஜி வாங்கும்போது தாளைப் பிரித்துப் படியுங்கள்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? நிவாரணத் தொகை வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று பட்டியலில் உள்ள ஒரு பெண்ணை ஒருவன் அழைக்கிறான். அவளுடைய பெயர், கணவர் பெயர், வங்கிக் கிளை எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறான். பிறகு அவள் ஏன் நம்ப மாட்டாள்? பணம் போனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே புகார் செய்யலாம் என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன். ஆனால் பணத்தோடு போகாத விஷயங்களும் உண்டு. சுனாமிக்குப் பிறகு, பெற்றோரை இழந்த குழந்தைகளைக் கடத்திவிடுவார்களோ என்ற அச்சத்தில் அரசு தத்துக் கொடுப்பதைக் கட்டுப்படுத்தியது. கடலூரிலும் நாகையிலும் காப்பகங்களைத் திறந்தது. எந்தக் குழந்தை எந்த ஊரில் யாருமின்றி இருக்கிறது என்ற பட்டியல், நமக்கு உதவிப் பட்டியல். கடத்துபவனுக்கு அது வேறு பட்டியல்.

பெயரை எடுத்துவிட்டோம், போதாதா என்று கேட்பார்கள். போதாது. முந்நூறு வீடு உள்ள குப்பத்தில், 'கைம்பெண், வயது 34, இரண்டு பெண் குழந்தைகள், மூத்த குழந்தைக்குக் காது கேட்காது' என்று எழுதினால், பெயர் எழுத வேண்டிய அவசியமே இல்லை. தெருமுனையில் கேட்டால் வீட்டுக்கே கொண்டுபோய் விடுவார்கள்.

பட்டியல் கைமாறினால் என்ன ஆகும் என்பது தமிழர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டிய விஷயமும் இல்லை. 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளை அடையாளம் கண்டு தாக்கின. வாக்களிப்பதற்காக எழுதப்பட்ட பட்டியல் அது. இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் குடும்பங்களிடம் ஒரு படிவத்தை நீட்டினால், முதலில் இது எங்கே போகும் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குக் கோபப்படாதீர்கள்.

மியான்மரிலிருந்து தப்பி ஓடிய ரோஹிங்கியா மக்களுக்கு நடந்தது இன்னும் அண்மையது. வங்கதேச முகாம்களில் ஐ.நா. அகதிகள் அமைப்பும் அந்நாட்டு அரசும் சேர்ந்து பதிவு செய்தன. பதிவு செய்தால்தான் உதவி அட்டை. குறைந்தது 8,30,000 பேருடைய பெயர்களையும் கைரேகை உள்ளிட்ட விவரங்களையும் வங்கதேசம் மியான்மர் அரசிடம் கொடுத்தது என்று 2021-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு வெளியிட்டது. யாரிடமிருந்து தப்பி வந்தார்களோ அதே அரசிடம்! சம்மதம் கேட்டோம் என்றது ஐ.நா. அமைப்பு. பேட்டி காணப்பட்ட 24 பேரில் பெரும்பாலோர், அப்படி யாரும் சொல்லவில்லை என்றார்கள். கையில் கொடுத்த ரசீதில் 'பகிரலாம்' என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தது. ரசீது ஆங்கிலத்தில். அந்த 24 பேரில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர். நம் படிவங்களின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ஆங்கில வரியை நினைத்துப் பாருங்கள்.

சரி, திருடர்களே வந்தால்? உலகத்திலேயே இந்த வேலையில் பழுத்த அமைப்பு சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு. முதல் உலகப் போரில் போர்க்கைதிகளைத் தேட ஜெனீவாவில் சுமார் 70 லட்சம் அட்டைகளைக் கையால் எழுதி அடுக்கியவர்கள். பிரிந்த குடும்பங்களைச் சேர்க்க அவர்கள் வைத்திருந்த கணினிப் பதிவுகளுக்குள் 2021 நவம்பர் 9 அன்று யாரோ புகுந்தார்கள். தெரியவந்தது 2022 ஜனவரி 18. எழுபது நாள் உள்ளேயே உலாவியிருக்கிறார்கள். குறைந்தது 60 நாடுகளின் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள் திரட்டிய, 5,15,000-க்கும் அதிகமானோரின் விவரங்கள். வழி எது என்று பார்த்தால், ஒரு மென்பொருளில் இருந்த ஓட்டை. அதை அடைக்கும் திருத்தம் முன்பே வெளியாகியிருந்தது, நேரத்துக்குப் போடவில்லை. இதை அவர்களே வெளிப்படையாக எழுதி வெளியிட்டார்கள். அதற்காக அவர்களுக்கு ஒரு வணக்கம். நம் ஊரில் ஒரு மடிக்கணினி தொலைந்தால், பட்டியலில் இருப்பவர்களுக்குக் கடைசி வரை தகவல் போகாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. பேரிடர் நேரத்தில் உதவி செய்வதற்காகச் சம்மதம் இல்லாமலும் விவரங்களைப் பயன்படுத்தலாம் என்று அதில் இடம் இருக்கிறது. நியாயம்தான், கழுத்தளவு தண்ணீரில் நிற்பவரிடம் கையெழுத்தா கேட்க முடியும்? ஆனால் வாங்கியதைக் காக்கும் கடமையிலிருந்து அந்தச் சலுகை யாரையும் விடுவிக்கவில்லை. அதில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். நம்மில் பலருடைய வரவு செலவில் அவ்வளவு பூஜ்ஜியங்களைப் பார்த்ததே இல்லை.

என்ன செய்யலாம்? இரண்டு ஏடு போதும். முதல் ஏட்டில் ஊர், வீடுகளின் எண்ணிக்கை, கொடுத்த பொருள், கொடுத்த நாள், அமைப்பின் பெயர். இதை எல்லா அமைப்பும், இரண்டு அரசும், ஊர்ப் பஞ்சாயத்தும் பார்க்கட்டும். ஊர்ச் சாவடியில் ஒட்டியே வைக்கலாம். இரண்டாவது ஏடு ஆட்களின் பெயர்ப் பட்டியல். ஓர் ஊருக்கு ஓர் அமைப்பு மட்டும் அதை வைத்திருக்கட்டும், கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருக்கட்டும், வாட்ஸ்அப் பக்கமே வரக்கூடாது. ஒரே குடும்பம் இருமுறை வாங்குகிறதா என்று பார்க்க வேண்டுமா? ஊர்ப் பெயரும் குடும்ப அட்டையின் கடைசி நான்கு எண்களும் போதும். எப்போதாவது இரண்டு வீட்டுக்கு ஒரே எண் வரும். அப்போது நடந்து போய்க் கேளுங்கள், குப்பம் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது?

அட்டை இல்லாத குடும்பத்துக்கு நாமே ஒரு டோக்கன் எண் கொடுக்கலாம். இருளர் குடியிருப்புகளை இனியும் அட்டையைக் காட்டிக் கழிக்க வேண்டாம்.

நன்கொடையாளர் பெயரோடும் படத்தோடும் முழுப் பட்டியலும் கேட்கிறாரே என்பீர்கள். கணக்குப் பார்க்க வேண்டுமானால் நம் அலுவலகத்துக்கு வந்து நோட்டைப் பார்க்கட்டும். நகல் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். எத்தனை மாதத்தில் பட்டியலை அழிப்போம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஒருவர் தனியாகக் கேட்டால் முடியாது என்பார்கள். இந்த அரங்கில் இருக்கும் அத்தனை அமைப்பும் ஒரே குரலில் கேட்டால் அவர்களால் மறுப்பது கடினம்.

முதல் ஏட்டுக்கான வெற்றுத் தாள்கள் வாசலில் மேசைமேல் இருக்கின்றன. பருவமழைக்கு முன் ஊர்ப் பெயரும் வீட்டு எண்ணிக்கையும் நிரம்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது. தேவனாம்பட்டினத்தாரும் தாழங்குடாவாரும் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். நான் இறங்கியதும் அவர்களிடமிருந்து தொடங்கலாம். ஆதார் அட்டையை யாரும் எடுக்க வேண்டாம்.