காயம் ஆறின பிறகும் ஏன் நோகுது?

நேயர்களுக்கு வணக்கம்.

"தையல் வெட்டி எட்டு மாதம், டொக்டர். காயம் வடிவா ஆறியிட்டுது. ஆனா கமக்கட்டுக்குள்ள எரியுது, சட்டை முட்டினாலும் தாங்கேலாது." மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஓர் அம்மா சொன்னது. வீட்டிலே சொன்னாராம். "உயிர் தப்பினதே பெரிய காரியம்" என்றார்களாம். அதோடு வாயை மூடிக்கொண்டார்.

அந்த நோ மெய்யானது. நெஞ்சுக்கூட்டிலிருந்து கமக்கட்டு வழியாக மேற்கையின் உட்பக்கத் தோலுக்கு ஒரு மெல்லிய நரம்பு போகிறது. புற்றுநோய் பரவக்கூடிய கமக்கட்டு நிணநீர்க் கணுக்களை, அதாவது அங்குள்ள சிறு முடிச்சுகளை, அகற்றும்போது அது இழுபடும், சிலவேளை அறுபடும். கைதேர்ந்த நிபுணருக்கும் இது நேரும். அறுந்த நரம்பு சும்மா கிடக்காது, தன்பாட்டில் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதனால்தான் விறைத்த இடமே எரிகிறது. நாட்பட முண்ணாணும் மூளையும் நோவை உணர்வதில் கூர்மையடைந்துவிட, துணி உரசுவதுகூட நோவாகிறது.

டென்மார்க்கில் 2009 இல் வெளியான ஆய்வொன்றில், சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு மூன்று வருடங்களான 3253 பெண்களில் 47 சதவீதமானோர் நோ இருப்பதாகச் சொன்னார்கள். இளவயதினருக்கும், கமக்கட்டுக் கணுக்கள் பெருமளவு அகற்றப்பட்டவர்களுக்கும், கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கும் அது கூடுதலாக இருந்தது. பயமும் நித்திரையின்மையும் நோவைக் கூட்டும். உடனே "அப்ப மனப்பிரமைதான்" என்று முடிவுகட்டுவோர் உண்டு. நான் அதை ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

எனக்குப் பெரிய கவலை சத்திரசிகிச்சை முடிந்த முதல் சில நாட்கள்தான். அப்போது கடுமையாக நொந்தவர்களுக்கே பின்னர் நோ நிலைத்துவிடும் வாய்ப்பு அதிகம். எங்கட பெண்களோ பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவாயில்லை மிஸ்" என்பார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

நரம்பு நோவுக்குப் பரசிற்றமோல் பெரும்பாலும் போதாது. அமிற்றிப்ரிலின், கபாபென்ரின் போன்றவை கொடுப்போம். முதலாவது மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மருந்து என்று அறிந்து பயந்து நிறுத்திவிடுகிறார்கள். இங்கே அது நரம்பை அடக்கத்தான். கையைப் பொத்தி வைத்திருந்தால் தோள் இறுகிவிடும், சொல்லித்தந்த பயிற்சியை விடாதீர்கள். புதிதாகத் தொடங்கிய நோவையோ கூடிக்கொண்டு போகும் நோவையோ கட்டாயம் காட்டுங்கள், நோய் திரும்பியதா என்று பார்க்கவேண்டும்.

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ யாழ். போதனா வைத்தியசாலைக்கோ அடுத்த கிளினிக் போகும்போது, எந்த இடம், எரிவா குத்தா, இரவில் எழுப்புதா என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். வரிசை நீளம், நேரம் குறைவு. கொப்பியை நீட்டினால் போதும்.