சம்பளம் நின்ன முதல் அஞ்சு வருஷம்: சேர்த்த பணத்தை எப்படி எடுக்கறது?

வணக்கம் மக்களே. 40, 45, 50 வயசுல வேலையை விடப் போறவங்க, இல்ல இப்பதான் விட்டவங்க, அவங்களுக்கான வீடியோ இது. எவ்வளவு சேர்க்கணும்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. சேர்த்ததை எப்படி எடுத்துச் செலவு பண்றதுன்னு கேட்டா பேச்சு மூச்சைக் காணோம். ஆனா திட்டம் சறுக்கறது பெரும்பாலும் எடுக்கற இடத்துலதான், அதுவும் முதல் அஞ்சு வருஷத்துல. அந்த அஞ்சு வருஷத்தை மட்டும் இன்னைக்குப் பாக்கலாம்.

பணத்தைப் பணமா பேசாம, "வருஷச் செலவு"ங்கற அளவுல பேசறேன். உங்க ஒரு வருஷச் செலவு 1. கையில அது மாதிரி 25 இருந்தா உங்க கார்ப்பஸ், அதாவது சேர்த்து வச்ச மொத்தப் பணம், 25. எந்த ஊர், எந்த நாணயமா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான்.

அந்த 1 சரியா இருக்கான்னு முதல்ல பாருங்க. மாசச் செலவை 12-ஆல பெருக்கிட்டேன்னு சொல்றவங்க கணக்கு எப்பவும் குறைச்சலாத்தான் வரும். பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கார்டு ஸ்டேட்மென்ட்டும் 24 மாசத்துக்கு இறக்குங்க. அதுல வராதது ஒண்ணு இருக்கு: எப்பவாவது வர்ற பெரிய செலவு. வண்டி, ஃப்ரிட்ஜ், லேப்டாப், வீட்டுக்கு பெயின்ட், பல் வைத்தியம். ஒவ்வொண்ணுக்கும் இன்னைக்கு மாத்த என்ன ஆகும்னு எழுதி, அது எத்தனை வருஷம் உழைக்கும்னு வகுத்துடுங்க. வண்டி 10 வருஷம்னா பத்துல ஒரு பங்கு வருஷா வருஷம் செலவுதான், பணம் கையை விட்டுப் போகலைன்னாலும். அப்புறம் கம்பெனி இதுவரைக்கும் கட்டிட்டிருந்தது: மெடிக்கல் இன்சூரன்ஸ், போன் பில், சிலருக்கு பெட்ரோல். அது இனி உங்க தலையில. பணத்தை எடுக்கும்போது வர்ற வரியும் செலவுதான், அதையும் சேருங்க.

இப்போ எல்லாரும் கேட்கற 4 சதவீதம். வில்லியம் பெங்கன்னு ஒரு அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-ல எழுதினது. 1926-லேர்ந்து இருக்கற அமெரிக்க சந்தைக் கணக்கை வச்சு, 30 வருஷம் பணம் தீராம இருக்கணும்னா முதல் வருஷம் எவ்வளவு எடுக்கலாம்னு பாத்தார். ஈக்விட்டி, அதாவது பங்குச் சந்தையில இருக்கற பணம், 50-லேர்ந்து 75 சதவீதம், மீதி பாண்டு, அதாவது வட்டி தர்ற கடன் பத்திரம்னு வச்சா சுமார் 4 சதவீதம் தாங்குச்சு. இதுல ரெண்டு விஷயத்தை நிறைய பேர் கோட்டை விடறாங்க. ஒண்ணு, வருஷா வருஷம் இருக்கற பணத்துல 4 சதவீதம்னு அவர் சொல்லலை. முதல் வருஷம் 4 சதவீதம் எடுத்து, அடுத்தடுத்த வருஷம் அதே தொகையை விலைவாசிக்கு ஏத்த மாதிரி ஏத்தணும். சந்தை இறங்கினாலும் தொகை இறங்காது. ரெண்டாவது, அவர் பாத்தது 30 வருஷம். 45-ல விடறவருக்கு 45, 50 வருஷம்கூட ஓட வேண்டியிருக்கும். அதோட அமெரிக்கச் சந்தை உலகத்துலயே நல்லா ஓடின சந்தைகள்ல ஒண்ணு, ஃபண்டு கட்டணமும் அந்தக் கணக்குல இல்லை. அதனால சீக்கிரம் விடறவங்களுக்கு நான் சொல்றது 3-லேர்ந்து 3.5 சதவீதம். அதாவது கார்ப்பஸ் 25 இல்ல, 29-லேர்ந்து 33. கசப்பாத்தான் இருக்கும்.

அந்த 4-லயும் மோசமா அடி வாங்கினது 1960-களோட கடைசியில ஆரம்பிச்சவங்க கணக்கு. 1973, 74-ல சந்தை சரிஞ்சது, கூடவே விலைவாசி ஏறிக்கிட்டே போச்சு. ரெண்டும் ஆரம்பத்துலயே வந்ததுதான் பிரச்சனை. ஏன் ஆரம்பம் அவ்வளவு முக்கியம்னு எண்ணாலயே பாத்துடலாம், பேனா எடுத்துக்கோங்க.

கார்ப்பஸ் 25. ஒவ்வொரு வருஷ ஆரம்பத்துலயும் 1 எடுக்கறோம். விலைவாசியைக் கழிச்ச வருமானம் அஞ்சு வருஷத்துக்கு இப்படி: மைனஸ் 20, மைனஸ் 10, பிளஸ் 5, பிளஸ் 15, பிளஸ் 20. முதல் வருஷம் 25-ல 1 போய் 24, அது 20 சதவீதம் இறங்கி 19.2. அடுத்த வருஷம் 18.2, இறங்கி 16.4. அப்புறம் சந்தை ஏறுது, ஆனா ஏறறதுக்கு அங்க பணம் கம்மியா இருக்கு. அஞ்சாவது வருஷக் கடைசியில 19.7. இப்போ அதே அஞ்சு எண்ணை அப்படியே திருப்பிப் போடுங்க, நல்ல வருஷம் முதல்ல. கடைசியில நிக்கறது 21.9. ஒண்ணுமே எடுக்காம விட்டிருந்தா ரெண்டு வரிசையிலயும் ஒரே 26.1 வந்திருக்கும். வருமானம் அதேதான், வரிசை மட்டும் மாறினதுல ரெண்டு வருஷச் செலவுக்கு மேல காணாம போச்சு. மோசமான வருஷம் முதல்ல வந்த ஆளு இப்போ எடுக்கற விகிதம், அதாவது மீதியிருக்கற கார்ப்பஸ்ல வருஷச் செலவு எத்தனை சதவீதம்ங்கறது, 5 சதவீதத்தைத் தாண்டிடுச்சு, இன்னும் 40 வருஷம் பாக்கி.

இதுக்கு மருந்து, விழுந்த நேரத்துல ஈக்விட்டியை விக்காம இருக்கறது. எப்படி? உங்களுக்கு நீங்களே சம்பளம் போடுங்க. ஒரு வருஷச் செலவு சேவிங்ஸ் கணக்குல, அதுலேர்ந்து மாசம் 1-ஆம் தேதி செலவுக் கணக்குக்குத் தானா மாறற மாதிரி ஆர்டர் போட்டுடுங்க. அடுத்த 7 வருஷச் செலவு குறுகிய கால பாண்டு, டெபாசிட்ல, வருஷத்துக்கு ஒண்ணு முதிர்ற மாதிரி அடுக்கி வைங்க. மீதி ஈக்விட்டி. கார்ப்பஸ் 30-ன்னா இந்த எட்டு சுமார் 27 சதவீதம், ஈக்விட்டி 73. பெங்கன் பாத்த எல்லைக்குள்ளதான் வருது.

வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் நிரப்புங்க. ஈக்விட்டியோட பங்கு 73-ஐத் தாண்டியிருந்தா வித்து நிரப்புங்க. குறைஞ்சிருந்தா தொடாதீங்க, அந்த வருஷம் முதிர்ற டெபாசிட்டைச் சாப்பிடுங்க. இதுக்கு "பக்கெட்"னு பேர் வச்சு ஏதோ மந்திரம் மாதிரி விக்கறாங்க. கணக்குல பாத்தா இது வெறும் அசெட் அலொகேஷன்தான், அதாவது பணத்தை எதுல எத்தனை சதவீதம் வைக்கறதுன்னு பிரிக்கறது. ஆனா சந்தை விழும்போது மனசு நடுங்காம இருக்க இந்த மாதிரி பிரிச்சு வைக்கறது உதவும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். பயத்துல 15 வருஷச் செலவை சேவிங்ஸ்ல போட்டு உக்காந்துட்டீங்கன்னா மட்டும் வேற மாதிரி வம்பு. விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினா 12 வருஷத்துல செலவு ரெண்டு மடங்கு. 45-ல 1-னா, 57-ல 2, 69-ல 4, 81-ல 8.

செலவை எப்பக் குறைக்கறதுங்கறதையும் இப்பவே எழுதி வைங்க, சந்தை விழுந்தப்புறம் யோசிச்சா ஓடாது. கைட்டன், கிளிங்கர்னு ரெண்டு பேர் 2006-ல சொன்ன முறை எளிமையா இருக்கும். நீங்க ஆரம்பிச்ச விகிதம் 3.5-னு வைங்க. அது 20 சதவீதம் ஏறி 4.2-ஐத் தாண்டினா செலவை 10 சதவீதம் குறைக்கணும். 2.8-க்குக் கீழ போனா 10 சதவீதம் ஏத்திக்கலாம். குறைக்கறதுக்கு எதுல கை வைப்பீங்கன்னு பேரோட எழுதுங்க: பயணமா, வெளிச் சாப்பாடா, வண்டி மாத்தறதா. குறைக்க முடியாத செலவே 90 சதவீதத்துக்கு மேல இருந்தா இந்த முறை உங்களுக்கு வேலை செய்யாது. அப்போ ஆரம்ப விகிதத்தையே 3-க்குக் கீழ வைக்கணும். முதல் அஞ்சு வருஷம் பகுதி நேர வேலையில செலவுல கால் பங்கு வந்தாலும் 3.5 சதவீதம் 2.6 ஆயிடும். வேற எந்த தந்திரமும் இந்த அளவுக்குக் கை கொடுக்காது.

வேலையை விடறதுக்கு முன்னாடி முடிக்க வேண்டியது சிலது. சொந்தப் பேர்ல மெடிக்கல் பாலிசி எடுத்துடுங்க. ஏற்கெனவே இருக்கற நோய்க்கு பல பாலிசியில காத்திருப்புக் காலம் உண்டு, கம்பெனி பாலிசி இருக்கும்போதே அது ஓடி முடியட்டும். நோயை மறைச்சு எடுக்காதீங்க, கிளெய்ம் அன்னைக்கு அங்கதான் பிடிப்பாங்க. கிரெடிட் கார்டு, அவசரக் கடன் வசதி வேணும்னா பே ஸ்லிப் இருக்கும்போதே வாங்குங்க, அப்புறம் பேங்க் கதவு அவ்வளவு சுலபமா திறக்காது. கடைசி நாளை வரி வருஷத்தோட ஆரம்பத்துல வச்சுக்க முடியுமான்னும் பாருங்க. முழு வருஷச் சம்பளமும், வேலையை விடும்போது கம்பெனி கணக்கு முடிச்சுக் கொடுக்கற செட்டில்மென்ட் பணமும் ஒரே வருஷத்துல விழுந்தா, வரி படிப்படியா ஏறற இடங்கள்ல மேல் படியில போய் மாட்டும்.

வீட்டுக் கடன் பாக்கி இருந்தா? கடன் வட்டியை ஈக்விட்டி வருமானத்தோட ஒப்பிடாதீங்க, பாதுகாப்பான டெபாசிட்ல வரி போக என்ன கிடைக்குதோ அதோட ஒப்பிடுங்க. வட்டி அதை விட அதிகம்னா அடைக்கறதுதான் நல்லது. தவணைன்னு ஒண்ணு இல்லாட்டி சந்தை விழுந்த வருஷத்துல செலவைக் குறைக்க இடம் கிடைக்கும். ஆனா அடைச்ச கையோட சேவிங்ஸ் காலியாகுதுன்னா பாதி மட்டும் அடைங்க. வீட்டுக்குள்ள போன பணத்தை வெளிய எடுக்கறது கஷ்டம்.

பென்ஷன் பணத்தை மொத்தமா எடுக்கறதா, ஆயுள் முழுக்க மாசாமாசம் வாங்கறதாங்கற கேள்வியில அவசரமே வேண்டாம். இப்படி மாசாமாசம் வாங்கற ஆன்யுட்டில போட்ட பணம், ஒருமுறை கையெழுத்துப் போட்டா பெரும்பாலும் திரும்ப வராது. இளவயசுல வாங்கினா நிறைய வருஷம் கொடுக்க வேண்டியிருக்கறதால விகிதம் கம்மி. தொகை விலைவாசியோட ஏறுமான்னு கேளுங்க. ஏறாதுன்னா, 5 சதவீத விலைவாசியில 14 வருஷத்துல அதோட மதிப்பு பாதி. நமக்கப்புறம் துணைக்கு வருமா, எத்தனை சதவீதம்னும் கேளுங்க. என் அபிப்பிராயம், 45-ல வேண்டாம், 65 தாண்டி ஒரு பகுதியை மட்டும் யோசிக்கலாம். ஒரு குறிப்பிட்ட வயசு வரைக்கும் தொட முடியாத கணக்குல பணம் பூட்டியிருந்தா, அந்த வயசு வரைக்கும் சாப்பிடப் பூட்டாத பணம் இருக்கான்னு தனியா கூட்டிப் பாருங்க. மொத்தக் கார்ப்பஸ் 33 இருந்தும் 52 வயசுல கை காலியாகறது இப்படித்தான்.

முதல் வருஷம் செலவு ஏறும். தினமும் சனிக்கிழமை மாதிரி இருக்கும்ல, வீட்டை இடிச்சுக் கட்டலாம், கேமரா வாங்கலாம்னு தோணும். அதுக்குத் தனியா ஒரு தொகையை ஒதுக்கி, தீர்ந்தா தீர்ந்ததுன்னு வைங்க. அதை அடிப்படைச் செலவுல கலந்துட்டா, அடுத்தடுத்த வருஷம் விலைவாசியை அது மேலயே ஏத்திக்கிட்டுப் போவீங்க. வேலையில இருக்கும்போதே கடைசி 6 மாசம் இந்தப் புதுச் சம்பளத்துல மட்டும் வாழ்ந்து பாருங்க, மீதியைத் தொடாதீங்க. எங்க இடிக்குதுன்னு அப்பவே தெரிஞ்சுடும். வேலை நமக்குப் பணம் மட்டும் கொடுக்கலை, எழுந்திருக்கற நேரமும் பேச நாலு பேரும் கொடுத்தது. வாரத்துல மூணு நாளாவது வெளியாட்களோட குறிச்ச நேரத்துல ஒரு வேலை இருக்கட்டும். இல்லாட்டி மொபைல்ல சந்தை விலையைப் பாக்கறதே வேலையாயிடும், பாத்தா கை சும்மா இருக்காது.

செட்டில்மென்ட் வந்த சேதி எப்படியோ எல்லாருக்கும் எட்டிடும். கடன் கேட்பாங்க, பார்ட்னர்ஷிப்னு வருவாங்க. முதல் 12 மாசம் திரும்ப எடுக்க முடியாத எதுலயும் பணம் போடறதில்லைன்னு வீட்டுல ரெண்டு பேரும் பேசி வச்சுக்கங்க: தொழில் முதலீடு, மனை, கைமாத்து, ஜாமீன் கையெழுத்து. "பணத்தை டெபாசிட்ல பூட்டியாச்சு, முதிர இன்னும் நாள் இருக்கு"ன்னு சொல்லுங்க. அடுக்கி வச்ச டெபாசிட் இருக்கறதால அது பொய்யும் இல்லை.

கணக்கு எண், நாமினி, பாலிசி, எந்த டெபாசிட் எப்ப முதிருது, நிரப்பற நாள் எது, 4.2 தாண்டினா என்ன பண்ணணும், இதெல்லாம் ஒரே தாள்ல எழுதித் துணைக்குப் புரியற மாதிரி வைங்க. எழுதிட்டு, நீங்க பக்கத்துல நிக்காம அவங்களையே ஒரு மாசச் சம்பளத்தை மாத்தச் சொல்லிப் பாருங்க. எந்த இடத்துல நின்னுட்டாங்களோ அந்த வரியைத் திருத்தி எழுதுங்க. கேள்வி இருந்தா கமெண்ட்ல போடுங்க, தொகை வேண்டாம், எத்தனை வருஷச் செலவுன்னு மட்டும் சொல்லுங்க.