சிவப்புக் கோட்டுக்குப் பின்னால் ஒரு கம்பம்

(மொரீஷியஸ், ரோஸ் ஹில்லில் தமிழ் அன்பர்களிடையே ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

திரையில் தெரிவது 1816-இல் தாமஸ் ஹிக்கி தீட்டிய ஓவியம். சிவப்புக் கோட்டோடு நிற்பவர் காலின் மெக்கன்சி. இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல், அதாவது நில அளவைத் துறைக்குத் தலைவர். எல்லாரும் அவரைத்தான் பார்ப்பார்கள். நாம் அவரைச் சற்று விட்டுவிடுவோம். அருகே ஏட்டுச் சுவடியோடு ஒரு சமணப் பண்டிதர், மெக்கன்சிக்கு வலக்கையாக இருந்த காவலி வெங்கட லட்சுமையா, தொலைநோக்கி ஏந்திய கிருஷ்ணாஜி என்ற ஊழியர். பின்னணியில் கார்க்களத்துக் கோமதேஸ்வரர் சிலை. அங்கே பாருங்கள், கூடை கட்டிய ஒரு கம்பம்!

என்னைக் கேட்டால் படத்துக்கு உயிரே அந்தக் கம்பம்தான். பல மைலுக்கு அப்பாலிருந்து அதைத் தொலைநோக்கியில் பிடித்துக் கோணம் எடுப்பார்கள். தரையில் ஒரே ஒரு கோட்டைத் துல்லியமாக அளந்துவிட்டால் போதும். பிறகு கோணங்களைக் கொண்டே முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளந்துகொண்டு போகலாம். ஆனால் அந்த ஒரு கோடு லேசில் கிடைக்காது. 1802-இல் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி அளந்த கோடு ஏழரை மைல்தான். நூறடி உருக்குச் சங்கிலியை மாற்றி மாற்றி வைத்து அளக்க 57 நாள் ஆயிற்று. வெயில் பட்டால் சங்கிலி நீளும், கணக்கு கெடும். அதைத் தூக்கித் தூக்கி வைத்த கூலியாட்கள் நம்மவர்கள். இந்தப் படத்திலும் அவர்களுக்கு இடமில்லை.

நம் தீவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. லாம்டனுக்காக லண்டனில் கேரி என்ற கருவி வினைஞர் செய்த தியோடலைட், அதாவது கோணம் அளக்கும் கருவி, அரை டன் எடை. அது வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் மடக்கி, இங்கே மொரீஷியசுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இங்கிருந்த பிரெஞ்சு ஆளுநரோ, பகை நாட்டுக் கருவி என்று பாராமல், மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார் என்று பழைய சர்வே வரலாறுகள் சொல்கின்றன.

கடலில் தப்பிய கருவிக்கு 1808-இல் தஞ்சாவூரில் கண்டம். காவிரிப் படுகையில் குன்றுக்கு எங்கே போவது? தென்னைகளுக்கு மேலே நின்று பார்க்கக் கோயில்தான் கதி. பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, கோணம் அளக்கும் வட்டமே நெளிந்துபோயிற்று. கயிறு பிடித்தவர்கள் அன்று என்ன வசவு வாங்கினார்களோ! லாம்டன் ஆறு வாரம் கூடாரத்தில் அடைந்துகிடந்து, ஆப்பும் திருகும் கொடுத்து வட்டத்தை மெல்ல மெல்ல நிமிர்த்தினார். மறு ஆண்டே அவருடைய அளவை குமரிமுனைப் பக்கம் போய்ச் சேர்ந்தது.