ஷாமனின் பறையும் விக்காவின் வட்டமும்

வணக்கம் நேயர்களே. விக்காவைப் பற்றி, அதாவது போன நூற்றாண்டில் இங்கிலாந்தில் வெளிச்சத்துக்கு வந்த சூனியக்காரர் சமயத்தைப் பற்றி, நான் எங்கே பேசப் போனாலும் முதலில் வருவது இந்தக் கேள்விதான்: "அது பழைய ஷாமனிசத்தின் வாரிசுதானே?" ஷாமனிசம் என்றால் பரவசத்தில் ஆவிகளோடு உறவாடி நோய் தீர்க்கும் வழக்கம், அதைச் செய்பவர் ஷாமன். கேட்பவர்கள் பதிலையும் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். இரண்டிலும் ஆவிகள் உண்டு, பரவசம் உண்டு, இயற்கை வழிபாடு உண்டு, அப்புறம் என்ன, ஒரே குடும்பம்தான் என்று. பல வருடமாக இதையே படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் உரிமையோடு சொல்கிறேன்: உறவு உண்டு, ஆனால் அவர்கள் பங்காளிகள் இல்லை, சம்பந்திகள். பின்னாளில் நடந்த ஒரு கல்யாணத்தால் வந்த உறவு அது. நடுவில் இதைத் திரும்பவும் சொல்வேன்.

முதலில் ஷாமன். சைபீரியாவில் ஈவெங்கி மக்கள் பேசும் சொல் அது. நம் 'சமணர்' என்ற சொல்லுக்கு மூலமான 'ஸ்ரமண' என்பதே பௌத்தத்தோடு வடக்கே போய் 'ஷாமன்' ஆனது என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மொழியியலாளர்கள் பலர் ஒப்புக்கொள்வதில்லை, நானும் அதைப் பிடித்துத் தொங்கப் போவதில்லை. சைபீரியாவில் ஒருவர் ஆசைப்பட்டு ஷாமன் ஆவது அபூர்வம். காரணம் தெரியாத நோய் வரும், தன்னை மறந்து கிடப்பார், ஆவிகள் இவரைக் குறித்துவிட்டன என்று வீட்டார் புரிந்துகொள்வார்கள். பிறகுதான் மூத்த ஷாமனிடம் பயிற்சி. வேலை என்னவென்றால், யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் அவருடைய ஆன்மா எங்கோ வழிதவறிப் போயிருக்கலாம், அதைத் தேடிப் போய்க் கூட்டிவர வேண்டும்.

போவதற்கு வாகனம் பறை. நம் பறை மாதிரியே மரச் சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல் இழுத்துக் கட்டியது, பெரும்பாலும் ரெயின்டீர் தோல். ஒரு அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றிருக்கிறேன். பின்பக்கம் கைப்பிடியில் சின்னச் சின்ன இரும்புத் துண்டுகள், நடுவில் தோல் கருத்து வழவழவென்று இருந்தது. அடிக்கும் முன்னால் அதை நெருப்பில் காட்டித் தோலை விறைப்பாக்குவார்கள். பறையைக் காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்த நேயர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். பல சைபீரிய மக்களுக்கு அந்தப் பறை ஒரு குதிரை, அல்லது ஒரு மான், அடிக்கும் குச்சி சவுக்கு. அதில் ஏறித்தான் ஷாமன் போகிறார். சோவியத் காலத்தில் இந்தப் பறைகளைப் பறிமுதல் செய்தார்கள், ஷாமன்களைச் சிறையில் போட்டார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும்.

சரி, விக்காவுக்கு வருவோம். இங்கே எனக்கு ரொம்பப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். விக்காவை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் ஜெரால்ட் கார்ட்னர், 1884இல் இங்கிலாந்தில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. அதனால் வெப்பமான ஊர்களுக்குத் தாதியோடு அனுப்பி வைத்தார்கள். அந்தத் தாதி கல்யாணம் செய்துகொண்டவருக்கு இலங்கையில் தேயிலைத் தோட்டம் இருந்தது, அவர்களோடு பையனும் 1900இல் இலங்கைக்கு வந்து சேர்ந்தான். ஆமாம், நம்மவர்கள் கொழுந்து பறித்த அதே மலைநாட்டுக்கு. பிறகு போர்னியோ, மலாயா என்று போனார், ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்தார், மலாய்க் கிரிஸ் கத்தியின் மேல் பித்தாகி 1936இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். போர்னியோவில் டயாக் மக்களின் ஆவிச் சடங்குகளையும் பார்த்திருக்கிறார். அப்படியானால் ஷாமனிசம் அங்கேதானே உள்ளே நுழைந்தது என்று கேட்பீர்கள். ஒரு வாடை அடித்திருக்கலாம். ஆனால் சடங்கின் எலும்புக்கூடு வேறு இடத்திலிருந்து வந்தது. 1910இல் கொழும்பில் அவர் ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சடங்குச் சங்கத்தின் சபையில் சேர்ந்தார். அங்கே உறுப்பினர் ஏறிப் போக மூன்று படிகள், விக்காவிலும் மூன்று படிகள். அங்கே கண்ணைக் கட்டி உள்ளே அழைத்துப்போய் உறுதிமொழி வாங்குவார்கள், இங்கேயும் அப்படியே. ஆக, விக்காவின் வேரைத் தோண்டுகிறவர்கள் சைபீரியாவுக்கு டிக்கெட் எடுக்கும் முன் கொழும்பில் ஒரு முறை இறங்கிப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1735இல் போட்ட சூனியச் சட்டம் 1951இல்தான் நீங்கியது. 1954இல் கார்ட்னர் தன் சமயத்தைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். விக்கா சடங்கில் ஒன்பது அடி வட்டம் போடுவார்கள், கறுப்புப் பிடி வைத்த அதாமே என்ற கத்தியால். நான்கு திசைகளையும் அழைப்பார்கள். தலைமைப் பூசாரிணி அசையாமல் நிற்க, பூசாரி தேவியை அவர்மேல் இறங்கி வரும்படி வேண்டுவார். இறங்கியதும் தேவியே பேசுவதாகப் பூசாரிணி பேசுவார். கவனியுங்கள், ஷாமன் போகிறார், இங்கே தேவி வருகிறாள். சைபீரியாவிலும் ஆவிகள் ஷாமனுக்குள் வருவதுண்டு, ஆகவே இதைச் சுவர் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொரு வித்தியாசம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஷாமனிடம் நோயாளி வருகிறார், ஊர் சுற்றி உட்கார்ந்து பார்க்கிறது. விக்கா வட்டத்தில் வேடிக்கை பார்ப்பவரே கிடையாது, நிற்கிற எல்லோருமே பூசாரிகள். இதனால்தான் பங்காளி இல்லை என்று சொன்னேன்.

அப்படியானால் கல்யாணம் எப்போது நடந்தது? தயாரிப்பாளர் மணியைக் காட்டுகிறார், வேகமாகச் சொல்கிறேன். அமேசான் பகுதி மக்களிடம் தங்கிப் பயின்ற அமெரிக்க மானிடவியலாளர் மைக்கேல் ஹார்னர், 1980இல் ஒரு புத்தகம் எழுதி, சீரான பறையடியைக் கேட்டுக்கொண்டே யார் வேண்டுமானாலும் ஷாமன் போகும் அந்தப் பயணம் போகலாம் என்று பயிற்சி முகாம்கள் நடத்தினார். விக்கா அன்பர்கள் பலர் அங்கே போய்க் கற்று, பறையைத் தங்கள் வட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். இன்று நீங்கள் பார்க்கும் கலப்பு பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்தது.

பெனாந்தாந்திகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரமில்லை. இத்தாலியின் வடகிழக்கில், 16, 17ஆம் நூற்றாண்டுகளில், பனிக்குடத் தோல் போர்த்துப் பிறந்தவர்கள் அவர்கள். உடம்பைப் படுக்கையில் விட்டுவிட்டு இரவில் ஆன்மாவாகக் கிளம்பி, பெருஞ்சீரகத் தண்டைப் பிடித்துக்கொண்டு, சோளத்தட்டு ஏந்திய சூனியக்காரர்களோடு விளைச்சலுக்காகச் சண்டை போட்டதாகத் திருச்சபை விசாரணையில் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஷாமனுக்குப் பக்கத்து வீடு என்றால் ஐரோப்பாவில் எனக்கு இவர்கள்தான். கார்லோ கின்ஸ்பர்க் என்ற வரலாற்றாசிரியர் 1966இல் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார், தேடிப் படியுங்கள். வணக்கம்.