லைன் என்னும் நூலிழை

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்திலிருந்து நம் பேச்சில் கலந்துவிட்ட சொற்களுள் ‘லைன்’ என்ற சொல்லின் மீது எனக்கு நெடுநாளாகவே ஒரு பிரியம் உண்டு. ஆங்கிலம் படித்திராதவர்களும் இதை நாள்தோறும் புழங்குகிறார்கள். ரேஷன் கடையில் லைனில் நிற்கிறோம். மளிகைக் கடைக்காரர் லைன் வண்டிக்குக் காத்திருக்கிறார். ஒருவர் பழைய தொழிலை விட்டு வேறு லைனுக்குப் போய்விடுகிறார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து மின்கம்பங்களைச் சாய்த்த பிறகு, ‘உங்கள் தெருவுக்கு லைன் கொடுத்துவிட்டார்களா?’ என்பதே நம் பகுதியில் நலம் விசாரிப்பாக இருந்தது.

இத்தனைக்கும் மூலம் ஒரு நூலிழைதான். லத்தீன் மொழியில் ஆளிச்செடிக்கு லீனும் என்று பெயர். அதன் நாரில் திரித்த நூல் லீனியா. அச்சொல்லே பின்னர் ஆங்கிலத்தில் லைன் ஆயிற்று. லினன் துணியும் சட்டையின் உட்புற லைனிங்கும் அதே குடும்பம். இது நமக்கு அந்நியமான போக்கன்று. கொத்தனார் நூல் கட்டித்தான் சுவர் எழுப்புகிறார். நேராக இருப்பதை நாமும் ‘நூல் பிடித்தாற்போல்’ என்கிறோம். மரத்தின் கோணலைத் தச்சரின் நூல் தீர்ப்பதைப் போல மாந்தர் மனக்கோணலைத் தீர்ப்பதே நூல் என்று நன்னூலும் சொல்கிறது. ஆகவே லைனுக்கு ஒரே தமிழ்ச்சொல் கேட்பவர்களிடம், ‘எந்த லைனுக்கு?’ என்று நான் திருப்பிக் கேட்பதுண்டு. கோடு, வரி, வரிசை, கம்பி, தடம் என நாம் பிரித்து வைத்திருப்பவை ஆங்கிலத்தில் ஒரே இழையில் கோத்திருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது ரயில்வேயின் லைன். கடலூர் வழியாக மயிலாடுதுறை, தஞ்சாவூர் என்று செல்லும் பழைய பாதைக்கு மெயின் லைன் என்று பெயர். ஆனால் பெரும்பாலான விரைவு வண்டிகள் போவதோ விருத்தாசலம் வழியான குறுக்குப் பாதையாகிய கார்டு லைனில். பெயர் ஒருவருக்கு, பிழைப்பு மற்றவருக்கு! இரு திசை வண்டிகளும் ஒரே தண்டவாளத்தில் ஓடும் ஒற்றைப் பாதையில் அவை எதிரெதிரே மோதாதிருக்கச் செய்த ஏற்பாடுதான் ‘லைன் கிளியர்’. அந்நாளில் அடுத்த நிலையத்தார் சம்மதித்தால்தான் நிலையத்திலுள்ள கருவியிலிருந்து ஓர் இரும்புக் குண்டு வெளிவரும். அந்தக் குண்டு கைக்கு வராமல் ஓட்டுநர் வண்டியை எடுக்கக் கூடாது. அது மறுமுனைக் கருவிக்குள் போய்ச் சேரும்வரை இன்னொரு குண்டு வெளிவராது. ஆம், ஒரு நேரத்தில் ஒரே குண்டு, ஆகவே ஒரே வண்டி. நிற்காமல் செல்லும் வண்டியிலிருந்து கையை நீட்டி, குண்டு வைத்த பையை வளையத்தோடு வாங்கிக்கொள்வதை நேயர்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். இன்று பெண் வீட்டார் சம்மதித்துவிட்டால், ரயிலோடு தொடர்பே இல்லாதவரும் ‘லைன் கிளியர்’ என்கிறார்.

தொலைபேசி லைனைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதாக நிலைய நண்பர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1963இல் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே அமைந்த புகழ்பெற்ற ஹாட்லைன், பலர் எண்ணுவதுபோல் தொலைபேசி அன்று. எழுத்துச் செய்திகளை அனுப்பும் டெலிபிரிண்டர். நன்றி, வணக்கம்.